யாழ்ப்பாணத்தில் ஹார்லக்வின் இறால்: நண்டுவலையில் வரும் நட்சத்திர மீனை நம்பி வளர்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். உங்களிடம் 120 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, பவளங்களுடன் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. கண்ணாடியில் விரல் நகத்திலும் சிறிய வெள்ளை நட்சத்திர மீன்கள் பெருகிவிட்டன. ஹார்லக்வின் இறால் அவற்றைத் தின்னும் என்று அறிந்து, கொழும்பிலிருந்து ஒரு சோடி எடுப்பிக்க நினைக்கிறீர்கள். அவை தீர்ந்த பிறகு குருநகர் பக்கம் நண்டுவலையில் ஏறும் நட்சத்திர மீன்களைப் போடலாமா, இல்லையென்றால் மெல்ல மெல்ல இறால் சதைக்கும் பெலற் தீனிக்கும் (கடையில் விற்கும் குருணைத் தீனி) பழக்கலாமா என்பது கேள்வி. தண்ணீர், வெக்கை, கூட இருக்கும் மீன்கள் என்று இன்னும் நாலைந்து கேட்டிருக்கிறீர்கள், அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான்: மாரியிலும் கோடையிலும், வருடம் முழுக்க, நட்சத்திர மீன் உங்களுக்குத் தடையில்லாமல் கிடைக்குமா? கிடைக்குமென்றால் இது வளர்க்கச் சிரமமில்லாத இறால். கிடைக்காவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் செத்துப்போகும். நட்சத்திர மீனைப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் உடுமீன் என்று படித்திருப்பீர்கள். எழுதச் சுருக்கமாக இருப்பதால் இனி அப்படியே சொல்கிறேன்.

வேறு தீனிக்குப் பழக்க முடியாது. இதில் எனக்கு ஒரு ஐயமும் இல்லை. ஹைமெனோசெரா பிக்ரா, ஹார்லக்வினின் அறிவியல் பெயர் அதுதான், உடுமீனைத் தின்பதற்கென்றே அமைந்த இறால். பெரிதாக வளர்ந்தாலும் 5 சென்ரிமீற்றரைத் தாண்டாது. முன்னால் தட்டுப்போல விரிந்திருக்கும் பெரிய கொடுக்குகளைப் பார்த்து அவற்றால்தான் வெட்டும் என்று நினைப்போம். உண்மையில் சாப்பிடும் வேலையைச் செய்வது அவற்றுக்கு முன்னால் இருக்கும் மெல்லிய சின்னக் கொடுக்குச் சோடி. உடுமீனை நீரில் வைத்த சில நிமிடங்களில் இறாலின் சிற்றுணர்கொம்புகள் படபடவென்று அடிக்கத் தொடங்கும். அது மணம் பிடிக்கிறது. பிறகு ஆடி அசைந்து வந்து உடுமீனின் மேல் ஏறும், கையின் ஓரத்தைத் தூக்கும், கல்லைப் பிடித்திருக்கும் குழாய்ப்பாதங்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும், புரட்டிப் போடும், தன் பொந்துக்கு இழுத்துப்போகும். பெரும்பாலும் கை நுனியிலிருந்து நடுவை நோக்கித் தின்னும். சோடியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே புரட்டும். தன்னிலும் பல மடங்கு கனமான உடுமீனை இரண்டு இறால்கள் கவிழ்ப்பதைப் பார்த்தவருக்கு, இதற்குப் பெலற் தீனி போடும் எண்ணமே வராது. இறால் சதையையோ பெலற்றையோ கொடுக்கால் தொட்டுப் பார்ப்பதுண்டு. அதைச் சாப்பிடுகிறது என்று எடுத்துக்கொண்டவர்களின் இறால்கள் சில கிழமைகளில் பட்டினியில் சாகின்றன.

உங்கள் கண்ணாடியில் இருப்பவை அஸ்ரெரினா வகைச் சின்ன உடுமீன்களாக இருக்க வேண்டும். அவற்றை ஹார்லக்வின் துப்புரவாக்கும். 120 லீற்றர் தொட்டியில் ஒரு சோடிக்கு அவை சில கிழமைகள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இந்த இறால்கள் வீட்டுத் தொட்டிகளில் சாவதற்கு ஆகப் பெரிய காரணம் இதுதான்: பூச்சி பிடிக்க வாங்கி, பூச்சி தீர்ந்ததும் மறந்துவிடுவது. சின்ன உடுமீன்களை ஒழிப்பது மட்டும்தான் நோக்கமென்றால், ஒரு கவ்வியும் தினம் பத்து நிமிடமும் போதும். அதற்காக ஒரு உயிரை வாங்க வேண்டியதில்லை.

இனி கணக்கு. குறுக்களவு 10 சென்ரிமீற்றர் உள்ள, சதைப்பற்றான ஒரு உடுமீனின் ஒரு கை வளர்ந்த சோடிக்கு ஒரு தடவைத் தீனி, அது 7 முதல் 10 நாள் வரை போதும். 8 நாளுக்கு ஒரு கை என்று வைத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 45 கை. முழு உடுமீனாகப் பார்த்தால் 9 உடுமீன். சிலர் உயிரோடு உடுமீன் வளர்த்து, கையை வெட்டிக் கொடுத்து, அது திரும்ப முளைக்கும் என்று திட்டம் போடுகிறார்கள். முளைக்கும், ஆனால் மெதுவாகத்தான். வெட்டுக்காயம் மூட ஒன்றிரண்டு கிழமை, கை உருவாகப் பல மாதம். ஒரு உடுமீனில் மூன்று மாதத்துக்கு ஒரு கைக்கு மேல் எடுத்தால் அது தேறாது. அப்படியானால் 45 கைக்கு 11, 12 உடுமீன் வேண்டும், அவற்றுக்கு உங்கள் பவளத் தொட்டியை விடப் பெரிய தொட்டி வேண்டும், அவற்றுக்கும் தினசரி தீனி வேண்டும். இது வீட்டில் சரிவராது. நான் சொல்லும் வழி வேறு: பெரும்பகுதியை உறைய வைத்த கைகளாகச் சேமியுங்கள், அவசரத்துக்கு இரண்டு மூன்று உடுமீனை உயிரோடு தனித்தொட்டியில் வையுங்கள்.

உயிரோடு இருக்கும் உடுமீன்தான் சிறந்தது, உறைந்ததைத் தொடாது என்றும் ஒரு கருத்து உண்டு. பெரும்பாலான ஹார்லக்வின்கள் உறையவைத்துக் கரைத்த கையை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் எல்லாம் எடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, முதல் தடவை ஒதுக்குபவையும் உண்டு. அதனால் புதிதாக வந்த இறாலுக்கு முதல் இரண்டு மூன்று தடவை உயிருள்ள கையைக் கொடுத்து, சாப்பிடுகிறதென்று கண்டபின் உறைந்ததை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒதுக்கினால் கைத்துண்டை நீண்ட இடுக்கியால் பிடித்து, பொந்து வாசலில் குழாய்ப்பாதங்கள் மேலே தெரியும்படி வைத்து மெல்ல அசையுங்கள்.

வலையில் வரும் உடுமீனுக்கு வருவோம். நண்டுவலை அடியில் கிடப்பது, அதனால் உடுமீன் சிக்குவது வழமை. தொழிலாளிக்கு அது தொந்தரவு, வலையிலிருந்து பிய்த்து எறிவார். அப்படிக் கழிபடுவதை வாங்குவது, சாதாளைப் படுகையில் இறங்கி உயிரோடு பொறுக்குவதை விட எல்லா வகையிலும் நல்லது. ஆனால் எறிந்து கிடப்பதை எடுக்காதீர்கள். மணலில் ஒரு மணிநேரம் வெயிலில் கிடந்த உடுமீன் உள்ளே ஏற்கனவே அழுகத் தொடங்கியிருக்கும், மேலுக்குத் தெரியாது. வலை கரைக்கு வந்து கழற்றும் நேரத்திலேயே அங்கே நின்று, மூடியுள்ள வாளியில் அதே கடல்நீரில் போட்டு, நிழலில் கொண்டுவர வேண்டும். சந்தைத் தரையில் கழுவிவிடும் தண்ணீரோ குளோரினோ பட்டதைத் தொடவே கூடாது. நல்லதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. வாளிக்குள் மல்லாக்கப் போடுங்கள். நல்ல உடுமீன் கை நுனியை முறுக்கிக் குழாய்ப்பாதத்தால் பிடித்து, சில நிமிடங்களில் தன்னைப் புரட்டிக்கொள்ளும். கைகள் தொய்ந்து கிடந்தால், மேலே வெள்ளைச் சளி கட்டியிருந்தால், தோலில் வெண்திட்டு விரிந்திருந்தால் அது போய்க்கொண்டிருக்கிறது. மணம் மாறாமல் இருந்தால் உடனே வெட்டி உறைய வைக்கலாம், தொட்டியில் விடக்கூடாது.

எந்த உடுமீன்? சாம்பல் நிற உடலில் சிவப்பு முட்கள் கொம்புபோல நிற்கும் புரொட்டோரியாஸ்ரர் லிங்கி இந்தியப் பெருங்கடல் கரைகளில் காணப்படுவது, கை தடிப்பானது, ஹார்லக்வினுக்கு ஏற்ற உணவு. வெளிநாட்டுக் கடைகளில் இதற்காக விற்கும் சொக்லற்சிப் உடுமீன் இதன் நெருங்கிய உறவுதான். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த இரண்டும் பவளத்தையும் கடற்பஞ்சையும் தின்னும், பவளத் தொட்டிக்குள் உயிரோடு முழுதாக விட வேண்டாம். மணலில் புதைந்து கிடக்கும், ஓரத்தில் சீப்புப் பல் போல முள் வரிசை உள்ள தட்டையான வகை அஸ்ரோபெக்ரன். அதையும் இறால் தின்னும். ஆனால் அந்தக் குடும்பத்தின் சில இனங்களில் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு, டெற்றோடோடொக்சின், கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இறாலுக்கு அதனால் கேடு வந்ததாகக் காணவில்லை, நம் வீட்டுக்குத்தான் கவனம் வேண்டும். வெட்டிய பலகையும் கத்தியும் சமையலறைக்குப் போகக் கூடாது, மிச்சத்தை நாயோ பூனையோ எடுக்கும் இடத்தில் எறியக் கூடாது. பல கைகளும் நீண்ட முட்களும் உள்ள முட்கிரீட உடுமீனைக் கையால் தொடவே வேண்டாம், குத்தினால் கடுமையான வலியும் வீக்கமும் வரும். பாம்பு வால்போல மெல்லிய கைகளைச் சுழற்றி ஓடும் வகை ஹார்லக்வினின் வழமையான உணவாக இல்லை, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படம் ஒன்றை வைத்து இனத்தை அறுதியாகச் சொல்ல முடியாது. சந்தேகமென்றால் அடிப்பக்கமும் ஓரமும் தெரிய இரண்டு மூன்று படம் எடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கடற்றொழில் துறையில் காட்டிக் கேட்கலாம். எதைக் கடலிலிருந்து எடுக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்கு முருகைக்கல் உடைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள், சட்டப்படியும் குற்றம், கரைக்கும் கேடு.

உயிரோடு வைக்கும் இரண்டு மூன்றுக்கு 80 முதல் 100 லீற்றர் தனித்தொட்டி, ஒரு ஸ்கிம்மர் (கழிவை நுரையாக அகற்றும் கருவி) அல்லது நல்ல வடிகட்டி, வெறும் அடி அல்லது மெல்லிய மணல் போதும். உடுமீன் தன் உடல் உப்பை ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியாத பிராணி. வெளியில் உப்பு மாறினால் உள்ளேயும் மாறும். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் ஆவணி வெயிலில் உப்பு ஏறி நிற்கும், கார்த்திகை மழையில் இறங்கிவிடும். வாளித் தண்ணீரின் உப்பை ரிப்ராக்ரோமீற்றரில் பாருங்கள், உங்கள் தொட்டியின் உப்பு 1.025 (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) என்றால் வித்தியாசத்தைப் பொறுத்து இரண்டு மூன்று மணிநேரம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குங்கள். இதில் அவசரப்பட்டால் மூன்றாம் நாள் கை கழன்று விழும். தீனிக்கு மட்டிச் சதை, இறால் துண்டு, மீன் துண்டு, பட்டாணி அளவில் ஒன்றிரண்டு, கிழமைக்கு மூன்று தடவை. அதை அடியில் வாய்க்குக் கீழே தள்ளிவிடுங்கள். மறுநாள் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும்.

உறைய வைக்க: உடுமீனை அதன் கடல்நீரோடு ஒரு பாத்திரத்தில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணிநேரம் வைத்தால் குளிரில் ஒடுங்கிவிடும். உடுமீன் நோவை எந்த அளவுக்கு உணர்கிறது என்பது முடிவான விடயம் இல்லை, ஆனால் ஒடுங்கியபின் வெட்டுவது நமக்கும் அதற்கும் நல்லது. ஐந்து கையையும் அடியோடு கூரிய கத்தியால் பிரித்து, ஒவ்வொரு கையையும் தனித்தனிச் சிறு பையில் காற்று இல்லாமல் கட்டி, திகதி எழுதி உறைவறையில் போடுங்கள். நடுத்தட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குள் முடிப்பது நல்லது. கரைக்கும்போது தொட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, வடியும் நீரைக் கொட்டிவிட்டு, துண்டை மட்டும் போடுங்கள். வீட்டு மீன், இறைச்சிப் பொதிகளோடு கலக்காமல் தனிப்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லித்தானாக வேண்டும்.

பவளத் தொட்டிக்குள் கொடுக்கும்போது இரண்டு பிழை அடிக்கடி நடக்கும். முதலாவது, முழு உடுமீனைப் போட்டுவிட்டு அது தீரும்வரை விடுவது. இறால் அதை நாட்கணக்காக, சிலவேளை ஒரு கிழமைக்கு மேலாகவும், உயிரோடு வைத்தே தின்னும். இடையில் உடுமீன் செத்தால் 29 பாகை வெப்பத்தில் ஒரே இரவில் அழுகி அமோனியாவை ஏற்றிவிடும், பவளமும் மீனும் சேர்ந்து போகும். கையாகக் கொடுத்தால் அந்த ஆபத்து இல்லை. உயிருள்ள கையை 48 மணிநேரத்திலும், உறைந்து கரைந்ததை 24 மணிநேரத்திலும் எடுத்துவிடுங்கள், மிஞ்சியிருந்தாலும் எடுங்கள். இரண்டாவது பிழை, கொடுத்த கையை வேறு யாரோ தின்றுவிடுவது. துறவி நண்டும் மற்ற இறால்களும் இழுத்துக்கொண்டு போகும், நீங்கள் இறால் தின்றது என்று நினைத்துக்கொள்வீர்கள். பொந்துக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். தின்ற கை வெறும் ஓடாக, உள்ளே குழியாக, குழாய்ப்பாத வரிசை இல்லாமல் கிடக்கும். பசித்த ஹார்லக்வின் பகலிலேயே பொந்தை விட்டு வெளியே உலாவும், உணர்கொம்பை ஓயாமல் அடித்துக்கொண்டு கண்ணாடி ஓரம் நடக்கும். வயிறு நிறைந்தது ஒரே இடத்தில் இருக்கும். இது எந்த அட்டவணையை விடவும் நம்பகமான அடையாளம்.

தண்ணீருக்கு வந்தால், யாழ்ப்பாணத்தில் நிலைமை மற்ற ஊர்களைப்போல இல்லை. நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கிணற்றுநீர் கடினம் மட்டுமல்ல, வலிகாமத்தின் பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று குடிநீர் எல்லையைத் தாண்டி இருப்பது பல ஆய்வுகளில் பதிவானது. அந்த நீரில் உப்பைக் கரைத்துவிட்டு நைத்திரேற்று இறங்கவில்லை என்று மருந்து தேடுவதில் பயனில்லை. கடையில் விற்கும் ஆர்.ஓ. (சவ்வு வழியாக வடித்த) குடிநீரை, கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டும் ரி.டி.எஸ். மீற்றரில் அளந்து பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் இல்லையென்றால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் குழாய் ஒன்றின் வழியாக விட்டே பாவியுங்கள். லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பு (சமையல் உப்பு அல்ல, கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் கலவை), முழுதாய்க் கரைந்தபின் 1.025. இயற்கைக் கடல்நீர் எடுப்பதானால் நீரேரியில் எடுக்காதீர்கள், காங்கேசன்துறையிலிருந்து பருத்தித்துறை வரையான திறந்த கடலில், துறைமுகத்துக்கும் கழிவு வாய்க்காலுக்கும் தள்ளி எடுங்கள். கீரிமலைப் பக்கம் கரையோரத்தில் நன்னீர் ஊறுவதால் அங்கே அளக்காமல் எடுக்கக் கூடாது. மழை தொடங்கி ஓய்ந்து சில கிழமை போகும்வரை எங்குமே எடுக்காமல் இருப்பது உத்தமம். எடுத்த நீரை ஒரு கிழமை இருட்டில் மூடி வைத்து, மேல் நீரை வடித்து, உப்பு குறைந்திருந்தால் கடலுப்பு சேர்த்துப் பாவிக்கலாம். அளவுகள் சுருக்கமாக: உப்பு 1.024 முதல் 1.026, காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு), அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம், நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழ், வெப்பம் 24 முதல் 27 பாகை. பவளம் நன்றாக இருக்கும் தொட்டியில் இறாலும் நன்றாக இருக்கும். அளவை விட முக்கியம் அது ஆடாமல் நிற்பது.

ஆடாமல் நிற்பதுதான் இங்கே கடினம். சித்திரை, வைகாசியில் அறை 33 பாகைக்குப் போகும், பம்ப், விளக்குச் சூட்டோடு தொட்டி 31ஐத் தொடும். நீர்மட்டத்துக்கு மேலாக வீசும் சின்ன மின்விசிறி 2, 3 பாகை இறக்கும், ஆனால் நாளுக்கு 1 முதல் 3 லீற்றர் வரை ஆவியாக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். 120 லீற்றரில் 3 லீற்றரை இரண்டு நாள் நிரப்பாமல் விட்டால் 1.025 என்பது 1.026ஐத் தாண்டும். பிறகு ஒரேயடியாக ஆறு லீற்றர் ஊற்றினால் ஒரே நொடியில் இறங்கும். இறால் தோலுரிக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் தோல் பாதியில் சிக்கி, கால் கழன்று, செத்துப்போகும். மிதவை ஆளியுள்ள தானியங்கி நிரப்பியில் உப்பில்லாத ஆர்.ஓ. நீரை வையுங்கள். பணம் இருந்தால் பத்தில் ஒரு குதிரைவலு சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்குவது இந்தத் தொட்டிக்குச் சரியான செலவு. மின்சாரம் போகும் நாளுக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் கட்டாயம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் எல்லோரும் கண்டோம். வெப்பமான நீரில் ஒட்சிசன் குறைவாகவே நிற்கும், ஓட்டமும் நின்றால் இரண்டு மூன்று மணிநேரம் தாங்குவதே பெரிது.

இன்னொரு ஆபத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இறால் வளர்ப்பவர்கள் காரணம் தெரியாமல் இழப்பது இதில்தான். கார்த்திகை முதல் தை வரை டெங்குக்குப் புகையடிப்பார்கள். அந்தப் புகையில் உள்ள பூச்சிகொல்லி மனிதருக்கும் மீனுக்கும் உடனே எதுவும் செய்யாத அளவிலேயே இறால், நண்டுகளைக் கொன்றுவிடும். காற்றுப் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் விடுகிறது. புகையடிக்கும் வண்டியின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் காற்றுப் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, தொட்டியைப் பொலித்தீனால் மூடி, கதவு யன்னலை அடையுங்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் ஓடட்டும். அறை நன்றாகக் காற்றோட்டமான பிறகு திறந்து, வடிகட்டியில் புதிய ஆக்டிவேற்றட் கார்பன் வையுங்கள். தொட்டி அறையில் நுளம்புச் சுருள், திரவ நுளம்பு விரட்டி, கரப்பான் தெளிப்பு மூன்றும் வேண்டாம். செப்பும் அப்படியே: மீனுக்கு வெண்புள்ளி நோய் என்று செப்பு மருந்தைப் பவளத் தொட்டியில் ஊற்றினால் இறாலும் உடுமீனும் பவளமும் போகும். பித்தளைக் குழாய்முனை, பித்தளை வால்வு எதுவும் நீரில் தொடக் கூடாது.

சோடி வாங்குவது பற்றி. இவை இயற்கையில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வாழ்பவை. ஜேர்மனியில் வொல்ஃப்காங் விக்லரும் ஊற்றா சைப்டும் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள், இந்த இறால் தன் துணையைத் தனியே அடையாளம் காணும் என்பதும் அந்த ஆய்வுகளில் வந்தது. ஒரே பாலான இரண்டு சண்டையிடலாம், அதனால் கடையில் ஏற்கனவே சேர்ந்து இருக்கும் சோடியாகவே கேளுங்கள். பெண் சற்றுப் பெரிது, வயிற்றுப் பக்கத் தகடுகளில் நீல, ஊதா நிறப் புள்ளி தெரியும். ஆணில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஊதா கலந்த சிவப்புப் புள்ளியும் நீலம் கலந்த பழுப்புப் புள்ளியும் இரண்டு இனமா, ஒரே இனத்தின் இரண்டு தோற்றமா என்பதில் வகைப்பாட்டாளர்களிடையே இன்னும் ஒற்றுமை இல்லை. வளர்ப்புக்கு அது வித்தியாசம் இல்லை. இரவு பஸ்ஸில் ஒட்சிசன் பையில் வந்த இறாலைப் பழக்கும்போது நீண்ட நேரம் எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு திருத்தம் உண்டு. பையை மூடிய நிலையில் காபனீரொட்சைட்டு பி.எச்.ஐக் கீழே வைத்திருக்கும், அதனால் பையில் உள்ள அமோனியா பெரிதாகத் தாக்காது. திறந்ததும் பி.எச். ஏறும், அமோனியாவின் நஞ்சுத்தன்மையும் கூட ஏறும். ஆகவே 10 மணிநேரத்துக்கு மேல் வந்த பையில் 45 முதல் 60 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பைத்தண்ணீரின் உப்பை அளந்து சொல்லும்படி கடைக்காரரிடம் முதல்நாளே கேட்டு வைத்து, தனித்தொட்டி ஒன்றின் உப்பை அதற்கு நெருக்கமாக வைத்துக்கொள்வதே ஆகச் சிறந்த வழி. பைத்தண்ணீரைப் பவளத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

மூன்று கிழமைக்கு ஒருக்கால் அளவில் தோலுரிக்கும். உரித்த தோல் அச்சொட்டாக இறால் போலவே கிடக்கும், செத்துவிட்டது என்று கலங்க வேண்டாம். உரித்தபின் ஒன்றிரண்டு நாள் ஒளிந்து கிடக்கும், சாப்பிடாது. கல்லை நகர்த்தித் தேடாதீர்கள். அயடின் ஊற்றினால் தோலுரிப்பது எளிது என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை, கூடினால் நஞ்சு. கிழமைக்கு 10 வீதம் நீர் மாற்றுபவருக்கு அது தேவைப்படாது. கடல் முள்ளெலியைக் கொடுக்கலாமா என்பதும் அப்படியே: தொடுவதாகப் பதிவுகள் உண்டு, ஆனால் அதை வைத்துச் சோடியைக் காப்பாற்றலாம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெண் முட்டை சுமந்தால் மகிழுங்கள், குஞ்சுகள் பல கிழமை மிதந்து திரியும் பருவத்தைத் தாண்ட வேண்டும், வீட்டுத் தொட்டியில் அவை பவளத்துக்கும் வடிகட்டிக்கும்தான் போய்ச்சேரும்.

கூட இருப்பவர்களில், நீங்கள் சொன்ன கோமாளி மீனும் கோபியும் பிரச்சினை இல்லை. சிக்ஸ்லைன் ராஸ் என்ற மீன்தான் பிரச்சினை. தோலுரித்து மென்மையாக இருக்கும் இறாலை அது கொத்தும், சிலவேளை பல மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் செய்யும். அதை வேறு தொட்டிக்கு மாற்றாமல் சோடியை எடுக்காதீர்கள். கிளாத்தி, பேத்தை, பருந்து மீன், பெரிய நண்டு, பட்டி போட்ட பவள இறால் இவற்றோடும் வைக்கக் கூடாது. நீங்கள் ஆசையாக வைத்திருக்கும் நீல லிங்கியா உடுமீனைப் பற்றிக் கேட்டீர்கள்: அது அதே தொட்டியில் இருந்தால் ஒரு இரவில் கண்டுபிடிக்கப்படும். உடுமீனுக்கு உள்ள தொட்டியும் இறாலுக்கு உள்ள தொட்டியும் தண்ணீரில் கூட இணையாமல் இருக்கட்டும், மணம் வந்துகொண்டே இருந்தால் இறால் அமைதியாக இருக்காது.

எப்போது வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் கடல் கொந்தளிக்கும், சிறு வள்ளங்கள் நாட்கணக்கில் போகாது, வலையும் வராது, உடுமீனும் வராது. அந்த மூன்று மாதத்தைத் தாண்டக் குறைந்தது 12 கை வேண்டும், ஒதுக்குவதற்கும் கெடுவதற்குமாக இன்னும் நாலு. ஆகவே இந்த ஆவணி, புரட்டாதியில் வலை கழற்றும் ஒருவரிடம் சொல்லிவைத்து நாலு உடுமீனை வெட்டி உறையப் போடுங்கள், இரண்டைத் தனித்தொட்டியில் ஒரு மாதம் சாகாமல் வைத்துக் காட்டுங்கள். அது முடிந்த கிழமை கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கலாம். புரட்டாதி முடியும்போது உறைவறையில் 16 பொதி இல்லையென்றால், சோடியை அடுத்த மாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.